வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பத்தைந்து

பக்கத்துத் தீவுக்காரர்கள் பல நாடுகள் சேர்ந்த ஒன்றியத்தோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனபோது, பாத்திரம் பண்டங்களோடு கடலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீரின் நடுவே ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் வராதே என்றார்கள். மக்டாரா கன்னீலி இருபது வருடமாகக் கானாங்கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. மீன்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன.

மக்டாராவின் படகுக்கு 'நோரா' என்று பெயர். பன்னிரண்டு மீட்டர், நீல வண்ணம். அதற்கு வாங்கிய வங்கிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, மச்சான் ஃபெஸ்டியோடு மதுக்கடையில் உட்கார்ந்து கொண்டாடிய மூன்றாவது வாரம் கடல் மூடியது. பதினோரு மாதமாக நோரா கரிக்மோர் துறையில் கட்டிப்போட்டபடி கிடந்தது. தூரக் கடல் இல்லையென்றால் கரையோரம் சிங்கி இறால் பிடிக்கலாம். ஆனால் கடலடியில் போட்டு வைக்கும் எண்பது இரும்புக் கூடுகளைக் கையால் இழுத்தால் இடுப்பு இரண்டாகிவிடும். கூடு இழுக்கும் எந்திரம் ஒன்று பொருத்த வேண்டும். பன்னிரண்டாயிரம் யூரோ. அவ்வளவுதான் மக்டாரா இந்த உலகத்திடம் கேட்டது.

உலகமும் கைவிட்டுவிடவில்லை. ஒன்றியம் 'பெருநெருக்கடி இழப்பீட்டு நிதி' என்று ஐநூறு கோடி யூரோவைத் தனியாக எடுத்து வைத்திருந்தது. பணம் ரொக்கமாக இருந்தது. எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில்தான் கொஞ்சம் தாமதம். மக்டாரா அறுபத்தெட்டுக் கேள்விகள் கொண்ட விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினார். 'நெருக்கடிக்கு முன் உங்கள் மீன்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவையாக இருந்தன?' என்பது நாற்பத்தோராவது கேள்வி. 'கேட்டதில்லை' என்று எழுதினார்.

ஏப்ரல் மாதம் ஒரே நாளில் தபால்காரர் இரண்டு கடிதம் கொண்டுவந்தார். ஒன்று பிரஸ்ஸல்ஸிலிருந்து. நிதியை நியாயமாகப் பங்கிடும் கூட்டம் புதன்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை நண்பகல் முடியும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தாங்கள் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும், விமானச் சீட்டு இத்துடன் உள்ளது. இன்னொன்று டப்ளினில் ஏதோ ஓர் இலாகாவிலிருந்து. தங்கள் படகு நெடுநாளாகத் தொழிலுக்குப் போகவில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வருவார், அப்போது உரிமையாளர் படகில் இல்லையென்றால் அது கைவிடப்பட்ட படகாகக் கருதப்பட்டு, கிரேன் வைத்துத் தூக்கி உடைக்கப்படும். உடைக்கும் செலவை அதே இழப்பீட்டு நிதி ஏற்கும் என்று கடைசியில் ஒரு சந்தோஷச் செய்தியும் இருந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிஞ்சிரும். செவ்வாய்க்கிழமைக்கு நடுவுல எவ்வளவு நேரம் கெடக்கு! ஃபிளைட் கிடைக்கலேன்னா நீந்தியே வந்துருவேன்" என்றார் மக்டாரா.

"நீயா? உனக்குத்தான் நீச்சலே தெரியாதே" என்றான் ஃபெஸ்டி.

கரிக்மோரில் யாருக்கும் தெரியாது. கடலில் விழுந்தவன் நீந்தினால் சாவு தள்ளிப்போகுமே தவிர வேறொன்றும் இல்லை என்பது அந்தக் கரையின் கருத்து.

பிரஸ்ஸல்ஸில் அந்தக் கண்ணாடி மாளிகையின் வாசலில் மக்டாராவைத் தடுத்து நிறுத்தினார்கள். ஃபிர்மான் என்ற ஊழியர் வந்துதான் உள்ளே அழைத்துப் போனார். ஐம்பது வயதுக்காரர். நரைத்த மீசை, பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை. அவர் மக்டாராவின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார். 'சான்றுப் பொருள் 7' என்று அதில் எழுதியிருந்தது.

"இது என்னங்க, பொருள்னு போட்டிருக்கு?"

"மனுஷன் உள்ள வரணும்னா பாதுகாப்பு விசாரணைக்கு ஆறு வாரம் ஆகும் சார். பொருள் வரணும்னா ஒரு சீட்டு போதும். அதான் உங்களப் பொருளாப் பதிஞ்சிருக்காங்க. மனசுல வச்சுக்காதீங்க. போன நெருக்கடிக்கு ஒரு விவசாயி வந்தாரு, அவர மாட்டோட சேத்து ஒரே நம்பர்ல பதிஞ்சாங்க. உங்களுக்குத் தனி நம்பர்."

மண்டபத்தில் சான்றுப் பொருள்களுக்கு என்று சுவரோரம் ஒரு வரிசை இருந்தது. ஐந்தாம் நாற்காலியில் பஞ்சடைத்த கானாங்கெளுத்தி ஒன்று. ஆறாவதில் கிழிந்த வலை. ஏழாவதில் மக்டாரா. மூவருக்கும் மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவி வைத்திருந்தார்கள். ஒன்றியம் யாரிடமும் பாரபட்சம் காட்டுவதில்லை. மீனுக்குக்கூடக் காதுப்பக்கமாகத்தான் மாட்டியிருந்தது.

"நான் எப்பப் பேசணும்?" என்று ஃபிர்மானிடம் கேட்டார் மக்டாரா.

"பொருள் பேசாது சார். தலைவர் குச்சியால சுட்டிக் காட்டுவாரு. அப்பக் கொஞ்சம் சோகமா இருந்தீங்கன்னா போதும்."

தலைவர் பெயர் ஸ்டெங்கல். நியாயப் பங்கீட்டில் முப்பது வருட அனுபவசாலி. இதுவரை அவர் பங்கிட்ட எந்த நிதியும் எந்த நாட்டுக்கும் குறையாகப் போனதில்லை என்று சொல்வார்கள். அவர் எழுந்து, குச்சியால் மீனையும் வலையையும் மக்டாராவையும் ஒரே வீச்சில் காட்டினார். "இதோ, நம் மனச்சாட்சி! இவர்களை ஒரு கணம் பார்ப்போம்" என்றார். இருபத்துச் சொச்சம் நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரு கணம் பார்த்தார்கள். கணம் முடிந்ததும் தலைவர் மணி அடித்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஒப்பாரி ஆரம்பித்தது.

முதலில் எழுந்தவர் நாலா பக்கமும் மலை சூழ்ந்த ஒரு நாட்டுக்காரர். பெயரைச் சொன்னால் மானநஷ்டத்துக்கும் ஒரு நிதி ஒதுக்கச் சொல்லுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மற்ற நாடுகள் கடலின் ஒரு பகுதியை இழந்திருக்கின்றன. எங்களுக்கோ கடலே இல்லை. இழப்பதற்குக்கூட ஒன்றும் இல்லாத நிலையை நினைத்துப் பாருங்கள்! இழக்கும் உரிமையே எங்களிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய இழப்பு எது?" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. மண்டபம் நெகிழ்ந்து ஆறு சதவீதம் எழுதிக்கொண்டது.

அடுத்தவர் தெற்கத்திக்காரர். பிரிந்துபோன தீவுக்கும் அவர் நாட்டுக்கும் மூவாயிரம் கிலோமீட்டர். "தூரம்தான் எங்கள் துயரம். பக்கத்தில் இருந்தவர்கள் இத்தனை வருடம் அந்தத் தீவினால் பலனடைந்தார்கள். எங்களுக்கு அந்தப் பலன் எட்டவே இல்லை. ஆகவே தூரத்தை அளவுகோலாக வைத்துப் பங்கிடுவதே நியாயம்" என்றார்.

மூன்றாமவர் வங்கிகள் நிறைந்த ஒரு பணக்கார நாட்டுக்காரர், நேர்மையான மனிதர். "உண்மையைச் சொல்கிறேன். இந்த நெருக்கடியால் எங்களுக்கு நட்டம் இல்லை. கொஞ்சம் லாபம்கூட. ஆனால் எல்லா நாடுகளும் நட்டப்பட்டு ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும்போது, நாங்கள் மட்டும் ஒதுக்கப்பட்டு நிற்கிறோமே, அந்தத் தனிமைக்கு என்ன விலை வைப்பீர்கள்?" என்றார். விலை வைத்தார்கள். பதினோரு சதவீதம். அன்றைக்கு அதுதான் அதிகம்.

மக்டாரா கருவியைக் காதிலிருந்து கழற்றி, உதறிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கருவியில் பழுது இல்லை.

வியாழக்கிழமை முழுக்கப் பஞ்சப்பாட்டு தொடர்ந்தது. மக்கள்தொகையை வைத்துப் பங்கிடு என்றார் ஒருவர். மக்களே இல்லாமல் பாறையாகக் கிடக்கும் எங்கள் தீவுகளை மறந்தீர்களா என்றார் இன்னொருவர். மீன் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மீனே சாப்பிடாதவர்கள் அந்த வாய்ப்பை இழந்தவர்கள் என்பதால் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. ஆக மொத்தம் எல்லோரும் சேர்ந்தார்கள். மீன் பிடிக்கிறவர்களின் எண்ணிக்கையை வைக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. மக்டாராவுக்கு அதைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஃபிர்மான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாப் பங்குகளையும் கூட்டிப் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டு சதவீதம் வந்தது. மண்டபத்தில் சலசலப்பு. தலைவர் கையமர்த்தினார். "நூறோடு நிற்க வேண்டும் என்று நினைப்பது குறுகிய மனப்பான்மை. மிச்சப் பதினெட்டை அடுத்த நெருக்கடிக் கணக்கிலிருந்து முன்பணமாக எடுத்துக்கொள்வோம். அடுத்த நெருக்கடி வராமலா போய்விடும்? நான் இந்த ஒன்றியத்தின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துக்குமுன் எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது மரபு. நடுவில் யார் நிற்பது என்று கேள்வி வந்தது. நடுவில் நிற்பவர் அதிகம் பெற்றவர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள் என்றது ஒரு நாடு. ஓரத்தில் நிற்பவர் ஏமாந்தவர் என்று பேசுவார்கள் என்றது இன்னொன்று. அப்போது மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு அடிப்பதற்குள் கையெழுத்து விழாவிட்டால் ஐநூறு கோடியும் கருவூலத்துக்குத் திரும்பிவிடும் என்பது சட்டம்.

மக்டாரா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆனால் வேறு யார் முகத்திலும் பதற்றம் தெரியவில்லை.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தலைவர் மணியை இரண்டு முறை அடித்தார். பிரதிநிதிகள் எல்லோரும் எழுந்து நின்று தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஃபிர்மான் ஓர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். சுவரில் ஒன்றியம் பிறந்தபோது மாட்டிய பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏறி, அதன் பெண்டுலத்தை ஒரு நீலப் பட்டு நாடாவால் கட்டிவிட்டு இறங்கினார். தலைவர் மறுபடி மணி அடித்தார். எல்லோரும் தலை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"இப்ப என்ன நடந்துச்சு?" என்றார் மக்டாரா.

"ஒண்ணும் நடக்கல சார். யாரும் பாக்கலையே. பாத்தாச் செல்லாது, அதான் தரையப் பாக்கறது" என்றார் ஃபிர்மான். "முடிவு வர்ற வரைக்கும் இனிமே வெள்ளிக்கிழமை பதினொன்னு அம்பத்தஞ்சுதான். எங்க அப்பா காலத்துல ஒரு தடவை வெண்ணெய் விஷயமா ஒரு டிசம்பர் மாசம் பதினேழு நாள் நீண்டுச்சு."

ஜன்னல்களுக்குத் திரை இழுத்துவிட்டார்கள். வெளியே இருட்டுவது தெரிந்தால் சட்டச் சிக்கல். கூட்டம் நடக்கும்போது சான்றுப் பொருள்கள் இடம்விட்டு நகரக் கூடாது என்பதால் மக்டாராவுக்கு அங்கேயே ஒரு கம்பளி கிடைத்தது. சாப்பாட்டுக்குத்தான் திண்டாட்டம். மதிய உணவு பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டரைதான் வரப்போவதில்லையே! பதினொரு மணிக் காப்பியோ முடிந்துபோன சமாச்சாரம். கடைசியில், காலைப் பலகாரம் இன்னும் தொடர்ந்துகொண்டிருப்பதாக ஒரு தீர்மானம் போட்டு, பிறை வடிவ ரொட்டிகளைக் கூடை கூடையாக வரவழைத்தார்கள். இரண்டு நாளைக்குப் பிறகு அந்த ரொட்டியின் வாசனையே மக்டாராவுக்குக் குமட்டியது.

ஃபெஸ்டி போனில் கூப்பிட்டான்.

"எங்க இருக்க மச்சான்? ஞாயித்துக்கிழமை பூசையே முடிஞ்சு போச்சு."

"இங்க இன்னும் வெள்ளிக்கிழமைதான்டா."

"குடிச்சிருக்கியா?"

"குடிக்கக்கூட இன்னும் நேரம் ஆகல இங்க. மத்தியானமே வரலங்கறேன்."

"கோல்வேயிலேர்ந்து கிரேன் கெளம்பிருச்சாம். நாளைக்கு சாயங்காலம் துறைக்கு வந்துரும். நோராவ உடைக்கறதுக்குன்னே பெருசாப் பல்லு வச்ச ஒரு சாமான் ஏத்தி அனுப்பறாங்களாம். நீ வராம நான் படகுல நின்னாலும் செல்லாதாம், ஓனர்தான் நிக்கணுமாம். அக்கா ராத்திரிலேர்ந்து பேசவே இல்ல. வாடா!"

மக்டாரா போனை வைத்தார். இருபது வருடத் தவணை, மழையும் உப்பும் தின்ற உடம்பு, எல்லாம் சேர்ந்து அந்த ஒரு படகு. அதை வைத்துத்தான் அவர் ஒரு ஆள். அது போய்விட்டால் உண்மையிலேயே வெறும் பொருள்தான்.

திங்கள்கிழமை காலை, அதாவது வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, தலைவர் ஸ்டெங்கல் ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். மக்டாரா எழுந்து வழி மறித்தார்.

"ஐயா, என்னை விட்டுருங்க. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. என் படகத் தூக்கிருவாங்க."

தலைவருக்குப் பொருள் பேசியது அதிர்ச்சிதான். இருந்தாலும் பண்பானவர். "நாளைக்குச் சனிக்கிழமை. அதுவும் நாங்க விட்டாத்தான்" என்றார்.

"அப்படீன்னா அந்த ஆய்வாளருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு."

"அது முடியாதே. இந்தக் கடிகாரத்தோட அதிகாரம் வாசல்படி வரைக்கும்தான். வெளிய நேரம் எப்படிப் போகணும்னு அந்தந்த நாட்டு அரசாங்கம் முடிவு பண்ணும். அதுல நாங்க தலையிடறது நாகரிகம் இல்ல."

"அப்ப நான் வெளிய போறேன்."

"சான்றுப் பொருள் இல்லாம எப்படிக் கூட்டம் நடத்தறது? மனச்சாட்சியே இல்லாமப் பங்கு போட்டாங்கன்னு நாளைக்குப் பேர் வராதா?" என்று மனம் வருந்தக் கேட்டுவிட்டுப் போனார் தலைவர்.

இதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டெலஹன்டி ஓடி வந்தார். மக்டாராவின் சொந்த நாட்டுப் பிரதிநிதி. அழகான கோட்டு. "கன்னீலி, கெடுத்துராதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு வரி போராடி வாங்கி வச்சிருக்கேன். கூடு இழுக்கற எந்திரம், பன்னண்டாயிரம் யூரோ. போட்டோ எடுத்துக் கையெழுத்தானதும் நேரா உங்க கைக்கு வந்துரும்."

"படக உடைச்சுட்டா எந்திரத்த எதுல மாட்டறது?"

டெலஹன்டி கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அது வேற துறைங்க. நான் எந்திரம் மட்டும்தான்."

மக்டாரா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் வலை. அந்தப் பக்கம் மீன், கருவியை மாட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டாயிரம். எழுந்தால் ஒன்றுமில்லை. படகில்லாத எந்திரமா, எந்திரமில்லாத படகா? மேடையில் புகைப்படத்தை வட்டமாக நின்று எடுக்கலாம் என்று ஒரு சமரச யோசனை வந்து, வட்டத்தில் யார் யாருக்கு முதுகு காட்டுவது என்பதில் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நாளைக்குத் தாங்கும் தகராறு. பார்த்தாலே தெரிந்தது.

ஃபிர்மான் ஏணியோடு வந்தார். நாடாவை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது விதி. அந்த இருபத்து நான்கு மணி நேரம் எங்கேயிருந்து வந்தது என்று விதி சொல்லவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார் மக்டாரா.

"எங்க போறது?" ஃபிர்மான் குரலைத் தாழ்த்தினார். "நாலு நாளா இங்கயேதான் நிக்கிறேன். சம்பளம் இந்தக் கடியாரத்துப்படிதான். வெள்ளிக்கிழமையிலேர்ந்து எனக்கு ஒரு நிமிஷம்கூட ஏறல. ஓவர்டைம் கேட்டா, எந்த நாளுக்குக் கேக்கறேன்னு கேக்கறான் கணக்கப்பிள்ளை. என் பொண்டாட்டி இப்ப எனக்காகச் சமைக்கிறதே இல்ல. நாள் பூரா ரொட்டி தின்னு தின்னு வயிறு வீங்கிக் கெடக்கு."

மக்டாரா ஏணியை அண்ணாந்து பார்த்தார். "ஏணி ஆடுது போல இருக்கே. நீங்க கீழ பிடிச்சுக்கறீங்களா? கயிறு, முடிச்சு எல்லாம் எனக்குப் பழக்கம்."

ஃபிர்மான் அவரை ஒரு நிமிடம், அதாவது எந்தக் கணக்கிலும் சேராத ஒரு நிமிடம், உற்றுப் பார்த்தார். மீசை லேசாக ஆடியது. "பொருள் ஏணில ஏறக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல சார். ஏறும்னு யாருக்கும் தோணியிருக்காது" என்றார்.

தலைவர் மணியை இரண்டு முறை அடித்தார். அத்தனை நாடுகளும் எழுந்து நின்று தரையைப் பார்த்தன. ஃபிர்மான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடக் கட்டுப்பாடாக, தன் காலணி நுனியைப் பார்த்தார். மக்டாரா நாலே எட்டில் மேலே போனார். ஃபிர்மான் போட்டிருந்தது வெறும் பாவாடை நாடா முடிச்சு. ஒரே இழுப்பில் கழன்றது. நாடாவைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, பெண்டுலத்தை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். டக், டக் என்று அது புறப்பட்டது. இறங்கி வந்து, கை கட்டி, சோகமாக உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் மணி அடித்தார். தலைகள் நிமிர்ந்தன. வட்டத்தைவிட முக்கோணம் நியாயமானது என்று யாரோ பேச ஆரம்பித்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்கு நாளாக அதில் பார்க்க ஒன்றும் இல்லாததால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. மக்டாரா மட்டும் முள்ளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

முக்கோணக்காரர் பேச்சின் நடுவில் பன்னிரண்டு அடித்தது.

ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு வாயாக மூடியது. பன்னிரண்டாவது அடி முடிந்ததும் ஐநூறு கோடி யூரோ கருவூலத்துக்குத் திரும்பிவிட்டது. தலைவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நாடாவை அவிழ்த்தது யார்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்!" என்று கத்தினார்.

ஒருவரும் சொல்லவில்லை. பார்த்ததாகச் சொன்னால் கடிகாரத்தைப் பார்த்ததாக ஆகும். அப்படிப் பார்த்த பிரதிநிதியின் நாடு இந்த வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, இதற்கு முன்னால் நிறுத்திவைத்துப் பங்கு வாங்கிய எல்லா வெள்ளிக்கிழமைகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். இருபத்துச் சொச்சம் நாடுகளும் முதல் தடவையாக ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தன. யாரும் எதையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு உணவு மணி அடித்தபோது, ஐநூறு கோடி போன துக்கத்தையும் மறந்து பிரதிநிதிகள் சோற்றுக்கூடத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். ஃபிர்மான் மக்டாராவின் அட்டையில் 'உபயோகம் முடிந்தது, அனுப்பியவருக்கே திருப்பவும்' என்று முத்திரை குத்தி வாசலில் விட்டார். "வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் மூணு நாள் ஓவர்டைம் ஒரே அடில ஏறிடுச்சு சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மக்டாரா விமானம், பேருந்து, ஃபெஸ்டியின் ஓட்டை வேன் என்று மாறி மாறி ஏறி, செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்காலுக்குக் கரிக்மோர் துறையில் வந்து குதித்தார். கிரேன் நின்றிருந்தது. நோராவின் அடிவயிற்றில் ஏற்கெனவே தூக்கும் பட்டை மாட்டியிருந்தார்கள். மக்டாரா நேராகப் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடித்திருந்ததால் அழவில்லை.

ஒன்பது மணிக்கு வந்த ஆய்வாளர் அவரைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா? வெளிநாடு போயிருக்கீங்கன்னு சொன்னாங்களே! இந்த மாசம் பத்துப் படகு உடைக்கணும்னு எனக்கு இலக்கு. ஒம்பதுதான் ஆச்சு. மனசு மாறினா ஒரு போன் பண்ணுங்க, நல்ல மாதிரியா உடைச்சுத் தர்றோம்."

"பட்டையக் கழட்டுய்யா" என்றார் மக்டாரா.

ஃபெஸ்டியும் மக்டாராவும் மறு வாரமே சிங்கி இறால் கூடுகளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். எந்திரம் இல்லை. எண்பது கூடுகளையும் கையால் இழுத்தார்கள். மாலையில் மக்டாராவின் மனைவி நுவாலா, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் உப்பைப் போட்டு இருவர் உள்ளங்கைகளையும் முக்கி எடுத்தாள். கணவன் திரும்பி வந்தபிறகும் அவளுக்குக் கோபம் தீரவில்லை. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்றியம் அதற்குள் சும்மா இருக்கவில்லை. இழப்பீடு கிடைக்காமல் போனது எல்லா நாடுகளுக்கும் ஏற்பட்ட மாபெரும் இழப்பு, ஆகவே இதுவே ஒரு பெருநெருக்கடி என்று தலைவர் ஸ்டெங்கல் அறிவித்தார். 'இழப்பீட்டை இழந்தோருக்கான இழப்பீட்டு நிதி' பிறந்தது. அறுநூறு கோடி. பங்கீட்டுக் கூட்டம் இரண்டே மணி நேரத்தில் முடிந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு நாட்டுக்கும் நட்டம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்திருந்ததே! மீனவர் யாரையும் கூப்பிடவில்லை. புகைப்படத்தைத் தனித்தனியாக எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

கரையோரக் கடலில், கூடு ஒன்று பாதி தூரம் ஏறியிருந்தபோது, ஃபெஸ்டி போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். ஒரு கையால் கயிறு, ஒரு கையால் போன்.

"மச்சான், அறிக்கை வந்துருக்குடா. நெருக்கடிக்குக் காரணம்னு ஒரு பட்டியல் போட்டிருக்கான். உன் பேரு முழுசாப் போட்டிருக்கு. மக்டாரா கன்னீலி, கரிக்மோர்."

"எந்தத் தலைப்புல?"

"பேரிடர்ங்கற தலைப்புல. கண்ணால பாத்தவங்க யாரும் இல்லையாம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அடுத்து நீதான்."

மக்டாரா கயிற்றை ஒரு முழம் இழுத்து, காலால் மிதித்து நிறுத்தி, மூச்சு வாங்கினார். "அதுக்கு நஷ்டஈடு உண்டாமா?"

"உண்டே. எல்லா நாட்டுக்கும் உண்டு. உனக்கு மட்டும் கிடையாது."

"ஏனாம்?"

"பேரிடருக்கு எவன்டா நஷ்டஈடு குடுப்பான்?"

மக்டாராவுக்கு வந்த கோபத்தில் கூடு ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டது. உள்ளே இரண்டு சிங்கி இறால். ஒன்றை அளவுகோல் வைத்துப் பார்த்தார், ஒன்றியத்தின் விதிப்படி அரை விரல்கடை குறைவு. அதைத் தண்ணீரில் விட்டார். மற்றதைக் கூடையில் போட்டுவிட்டு, எரிகிற கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "போனை உள்ள வைடா. இன்னும் எழுவத்தொம்பது இருக்கு" என்றார்.